ஆளில்லாத மலைக்குத் தண்ணி லாரி

தண்ணி லாரி வரும்வரை எல்லோரும் வழி பார்ப்பார்கள், வந்த பிறகு டிரைவரை யாரும் உட்காரச் சொல்ல மாட்டார்கள். டேங்கர் ஓட்டியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு வாய்த்த ரூட் ராஸ் அல் கைமா மலை. அங்கே இருப்பவர்கள் ஷிஹு மக்கள். பேசுவது அரபிதான், ஆனால் துபாய்க்காரருக்கே பாதி புரியாது. கோடை வந்தால் கல்வீடுகளைப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்கு இறங்கிவிடுவார்கள். ஆடுகளுக்காக அலி பாபா என்ற பெரியவர் மட்டும் மேலேயே இருப்பார்; என்னை 'சதீக்', அதாவது நண்பன், என்றுதான் கூப்பிடுவார்.

பானை

ஒரு மத்தியானம் வெயிலுக்கு ஒதுங்க, பாபா ஒரு வீட்டைத் திறந்துவிட்டார். பாதி வீடு தரைக்குக் கீழே. தவழ்ந்துதான் நுழைய வேண்டும். இருட்டு கண்ணுக்குப் பழகியதும் பார்த்தால், ஆட்கள் உட்கார்ந்திருப்பது மாதிரி பெரிய பெரிய தானியப் பானைகள். ஒன்றுகூட அந்த வாசலில் நுழையாது. எப்படி உள்ளே வந்தன என்று கேட்டேன்.

"முதல்ல பானைய வச்சோம். அப்புறம் சுத்தி வீட்டைக் கட்டினோம். உள்ள இருக்கறது வெளிய போகக் கூடாதுன்னா அப்படித்தான்" என்றார்.

ஊளை

குளிர்காலத்தில் ஒரு கல்யாணத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனோம். கூட வந்தவர் பெஷாவர்க்காரர், கான் பாய்; எதற்கும் அசராத ஆள். சாயங்காலம் ஆண்கள் சின்னக் கோடரிகளோடு நெருங்கி நின்றார்கள். நடுவில் நின்றவர் வாயருகே கையை வைத்து ஊளையிட, மற்றவர்கள் அடித்தொண்டையிலிருந்து ஒரே குரலாகப் பதில் கொடுத்தார்கள். நத்பா என்று பெயர், விருந்தினருக்கு மரியாதையாம். அவர்கள் ஓய்ந்த பிறகும் எதிர் மலையிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது.

கான் பாய் வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டார். "பாய், எதிரொலின்னா சொன்னதைத்தானே திருப்பிச் சொல்லணும்? இது வேற என்னவோ சொல்லுது."

எதிர்ச் சரிவு

அடுத்த கோடையில் பாபாவுக்குத் தண்ணீர் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். கடக்க வேண்டிய காட்டாறு காய்ந்து கிடந்தது. என் தலைக்கு மேல் வெயில், தூரத்து முகட்டில் மட்டும் கறுப்பு மேகம். முன்சக்கரம் ஜல்லியில் இறங்கும்போது எதிர்ச் சரிவிலிருந்து அதே ஊளை கேட்டது. கால் தானாக பிரேக்கை மிதித்தது. என்னவோ தோன்றி ரிவர்ஸ் எடுத்து மேட்டில் ஏறினேன். ஏறி முடிக்கவில்லை, வளைவைத் திரும்பிக்கொண்டு வெள்ளம் பாறைகளை உருட்டியபடி வந்தது. நான் நின்றிருந்த பாதையையே காணோம். 

அடுத்த டிரிப்பில், கூப்பிட்டவர் யார், அவருக்கு ஒரு சலாம் சொல்லிவிட்டுப் போகிறேன் என்று பாபாவிடம் கேட்டேன். அவர் எதிர்ச் சரிவில் பூட்டிக் கிடந்த வீடுகளைப் பார்த்தார்.

"அங்க யாரும் இல்ல, சதீக். ஆனா அங்கருந்து குரல் வந்தா நாங்களும் நின்னுடுவோம்."

இப்போது ஷார்ஜாவுக்குள் ஓட்டுகிறேன். நாள் முழுக்க ரோட்டில் கத்துகிறவர்கள் எல்லாம் உயிரோடு இருக்கிறவர்கள்தான், ஒருவர் சொல்லியும் நிற்கத் தோன்றுவதில்லை.