ஒருநாள் காக்கி

ஆலையில் ஒரு விதி இருந்தது. ஒருவன் ஆறு மாதம் இடைவிடாமல் ஒரு பதவியைப் பார்த்துவிட்டால் அந்தப் பதவி அவனுக்கே நிரந்தரமாகிவிடும். நிர்வாகம் அந்த விதியை மதித்தது. மதித்தபடியே எங்கள் கழுத்தை அறுத்தது.

திருச்செங்கோட்டுச் சாலையில் கரட்டுக் குன்றை ஒட்டிய பெரிய நூற்பாலை அது. எழுபதுகளில் பள்ளி முடித்த கையோடு காக்கிச் சட்டையில் உள்ளே போனேன். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பகுதி சூப்பர்வைசர் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு என்னை வெள்ளைச் சட்டை போட்டு வரச் சொன்னார்கள். 'ஆக்டிங் சூப்பர்வைசர்.' மாமனார் வீட்டில் முதல் சொல்லை விழுங்கிவிட்டுப் பின்சொல்லை மட்டும் ஊருக்குச் சொன்னார்கள்.

ஆறு மாதம் நெருங்கும்போது உத்தரவு வரும்: நாளை ஒருநாள் பழைய வேலை. அந்த ஒருநாள் காக்கி மாட்டிக்கொண்டு மெசினில் நிற்க வேண்டும். மறுநாள் திரும்பவும் வெள்ளை, கண்ணாடி அறை, நாற்காலி. கணக்கு மட்டும் முதலிலிருந்து.

காக்கி நாளில் பக்கத்து மெசின்காரருக்குக் கொண்டாட்டம். சர்வீஸில் எனக்கு அடுத்தவர் அவர்தான்.

"வாங்க மாப்பிள்ளை, மறுவீடுங்களா?"

"ஒருநாள் தங்கிட்டுப் போயிருவனுங்க."

"கோழி அடிக்கச் சொல்லட்டுங்களா?"

நானும் சிரிப்பேன். பஞ்சு பறந்து புருவத்தில் உட்காரும். பஞ்சுக்குக் காக்கியும் ஒன்றுதான், வெள்ளையும் ஒன்றுதான். மனிதர்களுக்குத்தான் இல்லை. வருடங்கள் இப்படியே போயின. என்னுள் ஏதோ ஒன்று முறுக்கேறிக்கொண்டே இருந்தது. மெசினில் சுழலும் கதிரில் ஏறும் நூலுக்குக்கூட முறுக்குக்கு ஓர் அளவு உண்டு.

ஒரு சித்திரையில் அந்த ஒருநாள் முடிந்து மறுநாள் விடிந்தது. மனைவி வெள்ளைச் சட்டையைத் தேய்த்து நீட்டினாள்.

"காக்கியவே குடு."

"ஏனுங்க, இன்னைக்கு வெள்ளைதானுங்களே?"

"இனிமே இல்ல."

"எங்கப்பனுக்கு நான் என்னன்னு சொல்றதுங்க?"

"இருக்கறதைச் சொல்லு."

அவள் சட்டையைத் திருப்பி மடித்த வேகத்தில் எல்லாம் இருந்தது.

மெசினில் நின்றவனை மேனேஜர் மாடிக்கு அழைத்தார். "என்னப்பா இது? ஆர்டர் நேத்தோட முடிஞ்சுதே. வந்து உட்காரு."

"நிரந்தரம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, உக்காந்துக்கறனுங்க."

"அதெல்லாம் மேலிடம் முடிவு பண்றது."

"அப்ப மேலிடமே வந்து உக்காரட்டுமுங்க."

அவர் என்னைக் கீழே போகச் சொன்னார். பக்கத்து மெசின்காரருக்கு ஆள் அனுப்பினார்.

மெசின்காரர் படியேறிய நேரத்தில் நான் ஒட்டிய இழை ஒட்டிய இடத்திலேயே அறுந்தது. அவருக்கு இரண்டு பெண்கள், கல்யாண வயதில். அந்த நாற்காலிக்கு அவர் சரி என்றால் நான் செய்தது வெறும் வீம்பாகிவிடும். நாற்காலியும் போய், சொல்லும் போய் நிற்பேன்.

இறங்கி வந்தவர் தன் மெசினைத்தான் பார்த்தார்.

"என்ன சொன்னீங்க?"

"ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஊட்டை உட்டுத் தொரத்தற மாமியாளுக்கு நான் மாப்பிள்ளை ஆகலீங்கன்னுட்டன்."

அவருக்கு அடுத்தவரும் மறுத்தார். அதற்கு அடுத்தவர் கூப்பிடும் முன்பே கழிப்பறைக்குப் போய்விட்டார். சில மாதம் கண்ணாடி அறை காலியாகவே கிடந்தது. ஷிப்டு ஓடியது, மேனேஜர்தான் பஞ்சுத் தலையோடு ஏறி இறங்கினார். பிறகு வெளியூர்க்காரர் ஒருவரை எடுத்தார்கள். வந்த அன்றே அவருக்கு நிரந்தரம். ஆக, நான் கேட்ட அந்த ஒரு வரி அவர்கள் கையில் எப்போதும் இருந்திருக்கிறது. எங்களுக்கு எழுதத்தான் பேனா வரவில்லை. அன்றைக்கு இல்லாத கோபம் அதைக் கண்டபோது வந்தது. இன்றும் ஆறவில்லை, ஆற்றிக்கொள்ளும் எண்ணமும் இல்லை.

அந்த ஆவணியில் ஜேடர்பாளையத்தில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்து நிற்கையில், என் மனைவியின் பெரியம்மா நாலு பேர் காதில் விழும்படி கேட்டாள்: "மாப்பிள்ளையை எறக்கிப்போட்டாங்களாமா, சாமி?"

நான் வாய் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். சித்திரைக்குப் பிறகு இந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை.

"ஆரும் எறக்கலீங்க, பெரீம்மா. இவரா எந்திரிச்சு வந்துட்டாரு."