இருக்கிறவரின் படம்

லண்டன் எட்மண்டனில் ஒரு தமிழர் இறந்தால் தொலைபேசி அழைப்புகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஐயர், அடுத்து மண்டபம், பிறகு பூ அலங்காரம் செய்யும் யுவனேஸ்வரன், அவனுக்குப் பின்னால் படம் கீறும் பாலாம்பிகை. முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு இறந்தவரின் முகம் எண்ணெய் வண்ணத்தில் பெரிதாக வேண்டும் என்பார்கள். வரைவதற்குக் கொண்டுவந்து தருவது ஒரு பழைய அடையாள அட்டைப் படமாக இருக்கும். இல்லாவிட்டால் ஏதோ கலியாண வீட்டுப் படத்தில் மூன்றாம் வரிசையில் தெரியும் பாதி முகம்.

"கொஞ்சம் வெள்ளையாக் கீறுங்கோ அக்கா. கழுத்துக்கு ஒரு தடிச்ச சங்கிலியும் போடுங்கோ. அம்மாவுக்கு இருந்தது, ஆமி வரேக்க விட்டிட்டு ஓடி வந்தவ."

சங்கிலியை அவள் போட்டுக்கொடுப்பாள். வெள்ளையாக்கச் சொன்னால் மட்டும் தூரிகையைக் கீழே வைத்துவிடுவாள்.

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சித்திரம் படிப்பித்தவள் அவள். எண்பத்தெட்டில் கணவன் ஆனந்தராஜாவோடு லண்டன் வந்தாள். அவர் பெட்ரோல் நிலையத்துக்குப் போக, அவள் ஒரு நகரமன்றக் கட்டடத்தில் துப்புரவு வேலைக்குப் போனாள். அந்தக் கட்டடத்தின் படிக்கட்டில்தான் அந்தப் படம் மாட்டியிருந்தது. யாரோ ஒரு மேயரின் மனைவி, 1909. வரைந்தவரும் ஒரு பெண் என்பது அடியிலிருந்த பித்தளைத் தகட்டில் தெரிந்தது. துடைப்பத்தைச் சாத்திவிட்டுப் பாலாம்பிகை பார்த்துக்கொண்டே நிற்பாள். தாடைக்குக் கீழே, நிழல் விழும் இடத்தில், அந்த ஓவியக்காரி மெல்லிய பச்சை நிறம் ஒன்றை வைத்திருந்தாள். புகைப்படத்தைப் பார்த்துக் கீறினால் அந்தப் பச்சை வராது. ஆள் முன்னால் இருக்க வேண்டும், மூச்சு விட வேண்டும், சலித்துப்போய்க் கழுத்தைத் திருப்ப வேண்டும்.

அன்றிலிருந்து அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. உயிரோடு இருக்கும் ஓர் ஆள்.

ஆனந்தராஜா கதிரையில் இருந்தவுடன் தூங்கிவிடுவார். மற்றவர்கள் கிட்ட வரவே பயந்தார்கள். "நீங்கள் கீறினால் ஆள் இல்லையெண்டு அர்த்தம்" என்று பாதி பகிடியாகச் சொல்லிக்கொண்டே, பாதி மெய்யாகவே எழுந்து போனார்கள். சவுத்தாலில் இருந்து வந்த ஒருத்தி சம்மதித்தாள். ஆனால் மாமியார் சாத்திரம் கேட்டுவிட்டு வேண்டாம் என்று தடுத்துவிட்டார்.

பெயர் போடுவதிலும் அதே கரைச்சல். "உது யாற்ற பேர்? அப்பாவின்ர படத்தில உங்கட பேர் ஏன்?" கேட்டுக் கேட்டு அவள் கையெழுத்தைக் கீழ் மூலையில் எறும்பளவில் போடப் பழகிக்கொண்டாள். அதையும் மறைக்கச் சொல்லிக் குடும்பத்தார் கேட்பார்கள். மாலையின் நுனி சரியாக அந்த மூலையில் வந்து விழும்படி யுவனேஸ்வரன் கட்டிவிடுவான். அவள் பெயர் எங்கே இருக்கும் என்று லண்டனில் அவனைப்போல் அறிந்தவர் யாரும் இல்லை.

2006இல் தமிழ்ப் பள்ளியின் தலைமை ஆசிரியர் தில்லையம்பலம் ஓய்வு பெற்றார். அவருடைய படத்தைப் பள்ளி மண்டபத்தில் மாட்டுவது என்று நிர்வாகம் தீர்மானித்தது. செயலாளர் சஞ்சயன் ஒரு புகைப்படத்தோடு வந்தார்.

"படம் வேண்டாம்" என்றாள் பாலாம்பிகை. "ஆளைக் கொண்டு வாங்கோ."

"அவர் வரமாட்டார் அக்கா."

தில்லையம்பலம் வந்தார். கணித வாத்தியார். பொக்கற்றில் பேனாவைக் குத்திக்கொண்டு கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"பயமில்லையோ சேர்?"

"எனக்கு பைபாஸ் செய்தவனுக்கே நான் பயப்படேல்லை. நீர் கீறும்."

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார். அசையாதீர்கள் என்றால் அரசியல் பேசினார். பேசுங்கள் என்றால் கண்ணயர்ந்தார். அவர் கொட்டாவி விட்டுக் கழுத்தைத் திருப்பிய ஒரு பின்னேரம், தாடைக்குக் கீழே அந்தப் பச்சை தெரிந்தது. அதை அப்படியே வைத்தாள். மூக்கோரத்து மருவையும் விடவில்லை. நெற்றியை விழாவுக்கு முதல் நாள்தான் முடித்தாள். கடைசியில் யாரையும் கேட்காமல், தன் பெயரைப் பெருவிரல் அளவில் போட்டாள்.

விழாவன்று காலை படத்தை மண்டபத்தில் கொண்டுபோய் வைத்து, துணியால் மூடினாள். "ஈரம் காயேல்லை, தொடவேண்டாம்" என்று சஞ்சயனிடம் சொல்லிவிட்டுச் சேலை மாற்ற வீட்டுக்குப் போனாள். சஞ்சயன் ஒலிபெருக்கி தேடி ஓடினார். அந்த நேரத்தில்தான் யுவனேஸ்வரன் பூக்கூடையோடு உள்ளே வந்து துணியை விலக்கினான்.

அவள் திரும்பி வந்தபோது வாசலில் நின்றவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எப்ப மோசம் போனவர்? செத்தவீடு எங்கை நடந்தது?"

"தெரியேல்லை. போன கிழமையும் கடையில கண்டனான்."

மேடையில் படத்துக்கு மாலை விழுந்திருந்தது. முன்னால் குத்துவிளக்கு எரிந்தது. நெற்றியில் வட்டமாகச் சந்தனப் பொட்டு. ஒரு மனிசி செருப்பைக் கழற்றிவிட்டுப் பூப் போட்டுக் கும்பிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தில்லையம்பலம் மனைவி கல்யாணியோடு உள்ளே வந்தார். கும்பிட்ட மனிசி அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கதிரையைப் பிடித்துக்கொண்டாள். தில்லையம்பலம் சிரித்தார். கல்யாணி சிரிக்கவில்லை. விளக்கைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், நிலத்தில் குந்தி இருந்து அழத் தொடங்கினார்.

பாலாம்பிகை யுவனேஸ்வரனைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "என்ன வேலை செய்து வைச்சிருக்கிறாய்?"

"அக்கா, உங்கட பேர் கிடந்தது. நான் வேற என்னத்தை நினைக்கிறது?"

சஞ்சயன் பதறிப்போய்ச் சந்தனத்தைத் துடைத்தார். ஈர வண்ணமும் அதோடு வந்துவிட்டது. நெற்றி நடுவில் வண்ணமில்லாத வெறும் படத்துணி தெரிந்தது.

பள்ளி படத்தை மாட்டவில்லை. கல்யாணி வீட்டுக்குள் விடவில்லை. நெற்றியைத் திருத்த இன்னொரு ஞாயிறு வரச் சொல்லிக் கேட்டபோது, தில்லையம்பலத்தின் குரல் முதல்முறையாகத் தயங்கியது. "இவ விடமாட்டா, பிள்ளை. நான் இருக்குமட்டும் அது உம்மட்டயே கிடக்கட்டும்." சஞ்சயன் பழைய புகைப்படத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்.

"இதைப் பார்த்து நெற்றியை மட்டும் சரிப்படுத்துங்கோ. அப்பிடியே கொஞ்சம் வெள்ளையாவும்..."

"ஏலாது" என்று கதவைச் சாத்தினாள்.

படம் முன்னறையில் நெற்றி இல்லாமல் நின்றது. அதற்குப் பிறகும் இரண்டு அந்தியேட்டிப் படங்கள் வந்தன. ஒன்றுக்குச் சங்கிலி போட்டாள், மற்றதுக்குக் கோட்டும் டையும்.

ஒரு நாள் யுவனேஸ்வரன் கதவைத் தட்டினான். கையில் ஒரு பை மாம்பழம். "அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் என்ன செய்யவேணும் எண்டு சொல்லுங்கோ, செய்யிறன்."

அவள் கதிரையைக் காட்டினாள். "இரு."

அவன் கதிரையைப் பார்த்தான். மூலையில் நின்ற தில்லையம்பலத்தையும் பார்த்தான். "ஐயோ அக்கா, எனக்குச் சின்னப் பிள்ளையள் இருக்கினம்."

"தில்லையம்பலம் சேர் இண்டைக்கும் உயிரோடதான் இருக்கிறார். இரு."

பல் பிடுங்கப் போனவன்போல அவன் கதிரையின் நுனியில் இருந்தான். அவள் புதுத் துணியில் கரியால் கோடுகள் இழுத்தாள். தாடை, காது, பூக்கட்டுகிறவனின் வளைந்த தோள். வெளிச்சம் பக்கவாட்டில் வந்தது. அவன் எச்சில் விழுங்கியபோது தாடைக்குக் கீழே நிழல் அசைந்தது. அவள் கண்ணைச் சுருக்கினாள்.

அவனுடைய தொலைபேசி அடித்தது. "ஓம்... ஓம்... எப்ப? எந்த மண்டபம்?" என்றான். வைத்துவிட்டு எழும்பப் பார்த்தான். "மனோர் பார்க்கில ஒரு ஐயா. நான் வெளிக்கிட வேணும் அக்கா. இனி உங்களுக்கும் ஃபோன் அடிப்பினம்."

"தெரியும். அசையாதை."

சொல்லி வாய் மூடவில்லை, மேசையில் கிடந்த அவளுடைய தொலைபேசியும் அடித்தது. அவன் தொலைபேசியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவள் எடுக்கவில்லை. தூரிகையால் தட்டில் பச்சையைத் தொட்டுக்கொண்டு, "தாடையைக் கொஞ்சம் நிமித்து" என்றாள்.