அம்மா குறித்துவைத்த குக்கர்

புத்தாண்டுக் காலையில் இந்த வருடச் சேமிப்பைத் திட்டமிட உட்கார்ந்தபோது, அடுப்படியில் அம்மா வைத்த குக்கர் விசிலடித்தது. ஆண்டர்சன்பேட்டையில் நாங்கள் இருந்த பழைய வீட்டின் விறகுப் புகை நினைவுக்கு வந்தது.

தங்கச் சுரங்கத்தை மூடி அப்பாவுக்கு வேலை போயிருந்த சமயத்தில் வந்த புத்தாண்டு அது. "பெரிசா ஆசப்பட வேணாம். இந்த வருசம் ஒரு குக்கர், அவ்ளோதான்" என்றாள் அம்மா, இருமிக்கொண்டே. பூக்கட்டி விற்ற காசைப் பவுடர் டப்பாவில் சேர்த்தாள். டிசம்பரில் பள்ளியில் மைசூர் சுற்றுலா என்றார்கள். நான் சாப்பிடாமல் அழுதேன்.

"போய்ட்டு வா. குக்கர் எங்க ஓடிப்போவுது" என்று டப்பாவைக் கவிழ்த்தாள்.

திரும்பி வந்தபோது அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். இருமலுக்கு நடுவே, "அரமன நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

இன்று முதல்முறையாக நான் கேட்டேன். "இந்த வருசம் உனக்கு இன்னாம்மா வேணும்?"

குக்கரை அடுப்பிலிருந்து இறக்கிவைத்தாள்.

"ஒண்ணும் தோணலையேப்பா."