எங்கள் தெருப்பக்கம் திரும்பிய குழாய்

கூலி உயர்வு கேட்டுப் போன அண்ணன் வயல் தகராறில் செத்துப்போனான். சாவு வீடென்று அந்த வருஷம் முழுக்க எங்களுக்குத் திருவிழா கிடையாது. நாகஸ்வரம் என்றால் நானும் அவனும் கீழ்வேளூர் வரைக்கும் நடந்தே போகிறவர்கள்.

மாசித் திருவிழாவுக்கு வந்த மைக்செட்காரரை வேலியோரம் நின்று பார்த்தேன். கறுப்புச் சட்டை, காதில் சொருகிய பீடி. தென்னைமரத்தில் ஏறி, குழாய் ஸ்பீக்கரை எங்கள் தெருப்பக்கம் திருப்பினார்.

"சாவு வீட்டுக்கு என்னய்யா கச்சேரி?" என்று கீழேயிருந்து கத்தினார் மிராசுதார்.

"ஊருக்கே கூலி கேட்டவன் வீடுங்க. மொதல்ல அங்கதான் கேக்கணும்."

கதவைச் சாத்தப்போன அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வருஷம் எந்தத் திருவிழாவானாலும் அப்படித்தான் திருப்பினார். ஆனால் அவர் மட்டும் எங்கள் பக்கம் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. ஏனென்று எனக்குத் தெரியாது. கச்சேரியே தேடி வந்த வீடு எங்களுடையது.