கோமதிக்குக் கூட்டம் சேர்த்த கதை

இலக்கிய விழாவில் விருந்தினரைக் கவனிப்பது, கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரைக் கவனிக்கிற வேலைதான்; என்ன, இங்கே வருகிற அத்தனை பேரும் மாப்பிள்ளைகள். கல்யாண வீட்டில் காபி டம்ளரோடு ஓடி ஓடிக் கால் வலித்தவர்களுக்கு என் பாடு புரியும்.

முன்னெச்சரிக்கை

ஆசியாவிலிருந்து கடல் தாண்டிப் போய்க் குடியேறியவர்களின் எழுத்துக்காக எங்கள் மைசூரில் நடந்த விழா அது. என் பொறுப்பில் வந்தவர் மலேசியத் தமிழ் நாவலாசிரியர் கோமதி. ஊர் பார்க்க ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிட்டார். மற்ற அரங்குகளில் எல்லாம் ஆங்கிலம். இவருக்கு மட்டும் தமிழ், அதுவும் பின்பக்கத்துச் சின்ன ஹாலில். அதே நேரத்தில் பெரிய பந்தலில் லண்டன்காரர் ஒருவர் பேசுகிறார். இவருக்கு யார் வரப்போகிறார்கள் என்று எனக்கே சந்தேகம். காரில் ஏறியதும் அவரே ஆரம்பித்தார்:

"போன ஊர்ல மூணு பேரு வந்தாங்க தம்பி, அதுல ரெண்டு பேரு மைக் செட்டுக்காரங்க. இங்கயும் அப்படின்னா, அடுத்த நாவல் இங்கிலீஷ்லதான்."

போஸ்டர்

அந்தப் பழி என் தலையில் விழுவதா? அழகான தமிழில் போஸ்டர் அடித்து, தேவராஜ மார்க்கெட்டில் நம் ஆட்களின் கடைகளில் எல்லாம் கொடுத்தேன். மறுநாள் போனால், பூக்கடைச் செல்வி போவோர் வருவோரிடமெல்லாம் புதுத் தமிழ்ப் படம் வருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்! எத்தனையோ வருஷமாக அவளோடு தமிழில் பேரம் பேசுகிறேன். அந்த எழுத்து அவளுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் என் மகளும் கன்னடப் பள்ளிக்கூடம்தான். வெட்கமாகப் போய்விட்டது. செல்விக்கு ஒரு வெட்கமும் இல்லை:

"தமிழ்ல சண்டை வேணா போடறேன் அண்ணா. ஓதறது படிக்கறதெல்லாம் கன்னடாதானே!"

விஜயநகரிலிருந்து ஒரு போன்

தமிழ் வார்த்தைகளையே கன்னட எழுத்தில் போட்டு மறுபடி அடித்தேன். கீழே என் நம்பர். எங்கள் ஊர் விஜயநகர்ப் பகுதியிலிருந்து, ரிடையர் ஆன தமிழர் ஒருவர் கூப்பிட்டார். கோமதியைப் பற்றி, நாவலைப் பற்றி, ரப்பர்த் தோட்டங்களைப் பற்றி மூச்சு விடாமல் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அதெல்லாம் சரி சார், கார் நிறுத்த நெழல் இருக்கா?"

பாதியில் நின்ற பஸ்

விழா அன்று ஹால் நிறைந்துவிட்டது. செல்வி பாதி மார்க்கெட்டைக் கூட்டி வந்திருந்தாள். எல்லையோரத்து ஹனூரிலிருந்து கட்டட வேலைக்கு வந்திருந்த தமிழர்கள் பின்வரிசையில். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கோமதி வாசித்தார். ரப்பர்த் தோட்டத்துப் பெண் ஒருத்தி, அடிக்கிற புருஷனை விட்டுப் போகத் துணிமூட்டையோடு நிற்கிறாள். பஸ் வருகிறது. அங்கே புத்தகத்தை மூடி, "மீதியைப் படிச்சுத் தெரிஞ்சுக்குங்க" என்று சிரித்தார். விழாக்களில் அதுதான் வழக்கம். பாதியில் நிறுத்தினால்தான் புத்தகம் விற்கும்.

யாரும் கை தட்டவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. கோமதியின் முகம் வாடியது. பின்வரிசையிலிருந்து ஹனூர்க்காரர் ஒருவர் எழுந்தார்:

"அம்மிணி, எங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுங்க. அந்தப் புள்ள பஸ் ஏறுனாளா இல்லீங்களா, அதைச் சொல்லிப்போட்டுப் போங்க."

கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி புத்தகத்தைத் திறந்தார். அடுத்த நிகழ்ச்சிக்காரர்கள் வாசலில் நின்று என்னை முறைத்தார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கோமதியின் அடுத்த நாவலும் தமிழில்தான் வரப்போகிறது. அந்தப் பெருமை முழுவதும் தமிழ் படிக்கத் தெரியாத எங்கள் ஊர்த் தமிழர்களுக்கே.