மனைவிக்காக நான் சொன்ன பதில்கள்

சுவிட்சர்லாந்தில், இன்டர்லாக்கனுக்கு மேலே இருக்கும் எங்கள் கிராமத்தில் குடியுரிமை கேட்பவர்கள், ஊர்க் குழுவின் முன் உட்கார்ந்து ஊரின் வரலாற்றையும் நிலத்தையும் பற்றிப் பதில் சொல்ல வேண்டும். நான் பிறந்த ஊரில் குளத்தை யார் வெட்டினார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இந்த ஊரைப் பற்றிய சிறு புத்தகத்தையோ கரைத்துக் குடித்தேன். ஹோட்டல் சமையலறையில் வெங்காயம் உரித்தபடியே தேவாலயம் எரிந்த கதையை முணுமுணுத்தேன்.

மூன்று மாதம் மனைவிக்கும் பாடம் எடுத்தேன். அவள் இந்த ஊர் முதியோர் இல்லத்தில் துணி தோய்ப்பவள். "ஓம், ஓம்" என்று தலையாட்டியபடி மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அவளை நினைத்துத்தான் கவலை.

நேர்காணலில் என் முறை முடிந்ததும் குழுத் தலைவி அவளைப் பார்த்து, ஓடை எந்த வழியாகப் போகிறது என்று கேட்டார். அவள் வாய் திறக்குமுன் நானே சொல்லிவிட்டேன், தேவாலயத்துக்குப் பின்னால் என்று. அடுத்த கேள்வியும் அவளுக்கு, பதிலும் என்னுடையது. எங்கள் ஆட்களில் கணவனும் மனைவியும் அரசாங்கக் கந்தோருக்குப் போனால் கணவன்தான் கதைப்பான். மேசைக்கு அடியில் அவள் என் காலை மிதித்தாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

கடிதம் வந்தது. எனக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டது. அவள் மறுபடி வர வேண்டுமாம், தனியாக. குசினியில் அடுப்பருகே நின்று அழுதாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அந்த ஓடையை ரோட்டுக்குக் கீழ குழாயில விட்டு எத்தினை வருசம்! அதுக்குத்தான் காலை உழக்கினனான்."

பரிகாரமாகப் புத்தகத்தை எடுத்தேன். அவள் அதைப் பறித்து வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என்னை ஊருக்குள் நடத்திக் கூட்டிப்போனாள். பனிச்சரிவு உருட்டிவந்த பாறையை, பள்ளிக்கூடமாக இருந்த மாட்டுத் தொழுவத்தை எல்லாம் காட்டினாள். கண்டவர்கள் எல்லாரும் அவளுக்கு வணக்கம் சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததோ பஸ் தரிப்பிடம் ஒன்றுதான்.

இரண்டாம் முறை நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அவளை வாசல்வரை வந்து வழியனுப்பிய தலைவி சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாஸாம்," என்றாள்.

"என்ன கேட்டவை?"

"போன முறை ஏன் கதைக்கேல்லை எண்டு கேட்டவை."

"நீர் என்ன சொன்னனீர்?"

"கலியாணம் கட்டி இருபது வருசத்தில, இண்டைக்குத்தான் ஒராள் என்ர மறுமொழிக்குக் காத்துக்கொண்டு இருக்கிறா எண்டு சொன்னன்."