மேற்கு ஜன்னலுக்குப் போட்ட கதவு

எங்கள் படுக்கையறை பகல் இரண்டு மணியைவிட சாயங்காலம் ஏழு மணிக்கு ஏன் அதிகமாகக் கொதிக்கிறது என்று எனக்குப் பல வருடமாக ஒரு சந்தேகம். யாரிடமும் கேட்டதில்லை. காரைக்குடி வெயிலில் எல்லா வீடும்தான் கொதிக்கிறது, இதைப் போய்க் கேட்டால் சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டேன். போன சித்திரையில் அதற்குப் பதில் தேடியே ஆக வேண்டியதாயிற்று.

மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் வரை தாயும் பிள்ளையும் எங்களோடு இருப்பதாகப் பேச்சு. சித்திரை பிறந்ததும் பிள்ளைக்குக் கழுத்து, முதுகு எல்லாம் வேர்க்குரு வந்துவிட்டது. இரவெல்லாம் அழுகை. திருப்பத்தூரிலிருந்து பார்க்க வந்த சம்பந்தியம்மா சட்டையை விலக்கிப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் கேட்டார்கள்.

"என்ன சம்பந்தி, பிள்ளைய இட்லி மாதிரி அவிச்சு வச்சிருக்கீக?"

"வெயில் அப்படி அடிக்குது. நானும் விசிறிக்கிட்டேதான் இருக்கேன்."

"எங்க வீட்டுல ஏசி சும்மா ஓடிக்கிட்டுக் கிடக்கு. ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு வாரேன். ரெண்டு பேரையும் அனுப்பி வைங்க."

அவர்கள் சொன்னதில் தப்பில்லை. பிள்ளை அவர்களுக்கும் பேத்திதானே. என் மனைவி தலையை ஆட்டினாள். நான் அடுப்படியில் நின்றிருந்தேன். கல்யாணம் நடந்ததிலிருந்து அந்த அம்மாவிடம் "வாங்க" என்ற சொல்லைத் தவிர நான் வேறெதுவும் பேசியதில்லை. அவர்கள் போனபிறகு மனைவி பாத்திரம் துலக்கிய சத்தத்திலேயே பிள்ளையை அனுப்ப அவளுக்கு மனசில்லை என்று தெரிந்தது. எனக்கும்தான். வேலை விட்டு வந்ததும் பிள்ளை என் மீசையையே முறைத்துப் பார்க்கும். அந்த முறைப்புக்குப் பழகிவிட்டேன். ஏசி வாங்க எங்களால் ஆகாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அறையைக் குளிர வைத்தால் பிள்ளை இருக்கும், இல்லாவிட்டால் போகும்.

மனைவி முதலில் படுக்கையறையின் மேற்கு ஜன்னலுக்குக் கனமான நீலத் துணியில் திரை தைத்துப் போட்டாள். அறை இருட்டானது, ஆனால் குளிரவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தேன். சோற்றுப் பானை மூடியைத் திறந்த மாதிரி சூடு. திரை வெயிலைத் தடுத்திருக்கிறது, சரி. ஆனால் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் தடுத்திருக்கிறது. திரை சூடாகி, அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விட்டுக்கொண்டிருந்தது. திருடனை வீட்டுக்குள் விட்டுவிட்டுக் கூடத்தில் மறித்து என்ன பயன்?

உடனே பழைய போர்வை ஒன்றை ஜன்னலுக்கு வெளியே, சன்ஷேடிலிருந்து கட்டித் தொங்கவிட்டேன். அரை மணி கழித்துக் கண்ணாடியைத் தொட்டால் சூடு பாதிகூட இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம். அது சாயங்காலம் வரைதான். காற்று வந்து போர்வையைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. குடிதண்ணீர் வண்டிக்காரர் அதைச் சுருட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"அண்ணே, உங்க போர்வை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகப் பாத்துச்சு. புடிச்சுக் கொண்டாந்திருக்கேன்."

தெருவே சிரித்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றபடியே கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.

நான் வேலை பார்ப்பது பழைய சாமான் கடையில். இடிக்கிற பெரிய வீடுகளிலிருந்து வரும் தூண், கதவு, பீங்கான் எல்லாவற்றையும் துடைத்துக் கட்டி வண்டியேற்றுவது என் வேலை. அங்கே சாய்வாகச் சின்னச் சின்னப் பலகைகள் அடுக்கிய ஜன்னல் கதவுகள் ஒரு மூலையில் கிடக்கும். அத்தனை வருடம் தூசி தட்டியிருக்கிறேன், அந்தப் பலகைகள் ஏன் சாய்ந்திருக்கின்றன என்று யோசித்ததில்லை. ஒரு ஜோடியை இரவல் கேட்க முதலாளி முன்னால் போய் நின்றேன். கையிலிருந்த தூசித் துணியையே முறுக்கிக்கொண்டிருந்தேன்.

"என்ன, பொண்ணு கேட்டு வந்தவுக மாதிரி நிக்கிறீக?" என்றார். சொன்னேன். "இதுக்கா இந்த நெளி நெளிஞ்சீக? எடுத்துட்டுப் போங்க."

அன்றே கீல் வைத்து ஜன்னலுக்கு வெளியே மாட்டினேன். மறுநாள் மத்தியானம் வந்து பார்த்தால் தொட்டில் சேலை மேல் வரி வரியாக வெயில். மகள் சொன்னாள்:

"அப்பா, எதிர்வீட்டு மாடியில அக்கா துணி காயப்போடுறது இங்கன படுத்தா அப்படியே தெரியுது. அப்ப நான் பால் கொடுக்குறது அவுகளுக்கும் தெரியும்ல?"

அப்போதுதான் புரிந்தது. தலைகீழாக மாட்டியிருக்கிறேன். பலகைகள் வெளிப்பக்கம் மேல்நோக்கி நின்றன. மேலேயிருந்து பார்க்கிறவர்கள் கண் எந்த வழியாக வருகிறதோ, அந்த வழியாகத்தான் வெயிலும் வந்திருக்கிறது. கழற்றித் திருப்பி மாட்டினேன். இப்போது உள்ளேயிருந்து பார்த்தால் தெருத் தரைதான் தெரிந்தது. போகிறவர்களின் செருப்பு, ஒரு நாயின் வால். வெயில் போன இடம் தெரியவில்லை. கூச்சப்படுகிறவனுக்கென்றே செய்த கதவு மாதிரி இருந்தது.

மத்தியானம் அறை நன்றாக ஆறியது. ஆனால் சாயங்காலம் பழையபடி புழுக்கம். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வெயில் இறங்கிய பிறகும் சுவர் சுட்டது. மொட்டைமாடித் தளமும் அப்படித்தான். பகலெல்லாம் வாங்கி வைத்த சூட்டை இருட்டிய பிறகு அவை உள்ளே விடுகின்றன. கொசுவுக்கும் தெருவில் போகிறவர்கள் பார்வைக்கும் பயந்து, நான் அந்த நேரத்தில்தான் எல்லாவற்றையும் சாத்தி வைப்பேன். இத்தனை வருடம் சூட்டை வெளியே போகவிடாமல் நானேதான் பூட்டி வைத்திருக்கிறேன்.

ஜன்னல்களுக்குக் கொசுவலை அடித்தேன். எப்போது திறப்பது என்பது அடுத்த கேள்வி. வெளிக்காற்று வீட்டைவிடக் குளிர்ந்த பிறகுதான் திறக்க வேண்டும். அதற்காக வாசற்படியில் ஒரு கையை உள்ளேயும் ஒரு கையை வெளியேயும் நீட்டிக்கொண்டு நின்றேன்.

"அங்க நின்னு யாருக்கு ஆசீர்வாதம் பண்றீக?" என்றாள் மனைவி.

"வெளிய ஆறிருச்சு. எல்லாத்தையும் தொற."

கிழக்கு ஜன்னலையும் மேற்கு ஜன்னலையும் சேர்த்துத் திறந்ததும் அறைக்குள் காற்று நடந்து போவது தெரிந்தது. தெருவில் போகிற யாரும் எங்களைப் பார்க்கலாம். ஒருவரும் பார்க்கவில்லை. பிள்ளை தூங்கியது. காலையில் வெயில் ஏறுமுன் எல்லாவற்றையும் சாத்தினோம். அடுத்தடுத்த நாளும் அப்படியே செய்தோம். கழுத்தில் இருந்த வேர்க்குரு வாடத் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சம்பந்தியம்மா காரில் வந்து இறங்கினார்கள். பின்சீட்டில் பிள்ளைக்காகப் புது மெத்தை விரித்திருந்தது.

"என்ன, கரண்டு இல்லையா?" என்றபடி அறைக்குள் தடவி வந்தார்கள்.

"இருக்கு சம்பந்தி. நாங்கதான் இருட்டா வச்சிருக்கோம்" என்றாள் மனைவி.

"நல்ல கூத்து! பச்சப்பிள்ளையப் போயி இருட்டுலயா போடுவாக?" என்று கண்ணாடியைத் தள்ளி, மரக்கதவின் கொக்கியில் கை வைத்தார்கள்.

"அதத் தொறக்காதீக!"

கத்தியது நான்தான். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். சம்பந்தியம்மா திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"அடியாத்தீ! சம்பந்திக்கு வாய் இருக்கா?"

ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆனால் ஓடினால் அவர்கள் திறந்துவிடுவார்கள். "கதவைத் தொட்டுப் பாருங்க. அப்புறம் வெளிய போயி அதே கதவை அந்தப் பக்கம் தொட்டுப் பாருங்க" என்றேன். அவர்கள் உள்ளே தொட்டார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு சுற்றிப் போனார்கள். வெளியிலிருந்து "ஆத்தாடி!" என்று சத்தம் கேட்டது. கையை உதறிக்கொண்டே திரும்பி வந்தார்கள்.

"இது பகலுக்குச் சரி. ராத்திரிக்கு?"

"பொழுது சாயட்டும். இருந்து பாத்துட்டுப் போங்க."

இருந்தார்கள். பிள்ளையின் சட்டையை விலக்கிக் கழுத்து, முதுகு, கால் இடுக்கு எல்லாம் பார்த்தார்கள். இருட்டியதும் நான் வாசலில் நின்று பார்த்துவிட்டு எல்லாவற்றையும் திறந்தேன். அவர்கள் ஜன்னலுக்கு நேரே உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்தார்கள். காற்று வந்தது.

"அத்தை, என் துணியெல்லாம் எடுத்து வச்சுட்டேன். கெளம்பலாமா?" என்று மகள் மெதுவாகக் கேட்டாள்.

"எங்குட்டுக் கெளம்புற? தூங்குற பிள்ளையத் தூக்கக் கூடாது. மூணு மாசம் முடியட்டும். என் மகன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்." பிறகு என் பக்கம் திரும்பினார்கள். "ஆனா ஒண்ணு. மறுபடி ஒரு வேர்க்குருவைப் பாத்தேன், அன்னைக்கே தூக்கிட்டுப் போயிருவேன்."

என் மனைவிக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. அன்று காலை சந்தையில் வாங்கிய முழுப் பலாப்பழத்தை அப்படியே தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினாள். பிள்ளைக்கு விரித்த மெத்தையில் பலாப்பழம் திருப்பத்தூருக்குப் போனது.